ஐஜிஐ வரவில்லை, நல்லவேளை

2023 மே மாதம் அந்தச் செய்தி வந்தது. ஸ்வீடன் நாட்டு ஈஜி7 குழுமம் இங்கிலாந்தில் இருந்த தன்னுடைய ஆன்டிமேட்டர் கேம்ஸ் ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவித்தது. அந்த ஸ்டுடியோவின் கையில் இருந்த வேலைகளில் ஒன்று 'ஐஜிஐ ஆரிஜின்ஸ்'. அதாவது, நம்ம ஐஜிஐ, துப்பாக்கியோடு தனியாளாக ராணுவத் தளத்துக்குள் நுழைகிற அந்தப் பழைய கம்ப்யூட்டர் கேம். 2019இல் அறிவித்து, டிரெய்லர் விட்டு, பனிப்போர்க் காலத்துக் கதை, மைக்கேல் கிங் என்று ஒரு புது ஏஜென்ட், பழைய நாயகன் டேவிட் ஜோன்ஸுக்கு முந்தைய காலம் என்றெல்லாம் ஆசை காட்டியிருந்தார்கள். ஸ்டுடியோவோடு சேர்ந்து அதுவும் போயிற்று. கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் செய்தியைப் போட, வரிசையாக அழுகிற பொம்மைகள் விழுந்தன. நானும் என் பங்குக்கு ஒன்றைப் போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தபோதுதான் கவனித்தேன், எனக்கு வருத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இது பல நாள் உறுத்தியது. இருபது வருஷமாக "ஐஜிஐ த்ரீ எப்படா வரும்" என்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். யூடியூபில் 'ஐஜிஐ 3' என்று தலைப்பு வைத்து வேறு ஏதோ கேமைக் காட்டும் வீடியோக்களை, பொய் என்று தெரிந்தே திறந்து பார்த்தவன். எட்டாத திராட்சை புளிக்கும் என்கிற கதையோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை. வந்திருந்தால் முதல் நாளே வாங்கியிருப்பேன், பிடிக்காமலும் போயிருக்கும் என்று எங்கோ உள்ளுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் எதிர்பார்த்தது எதை? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அதைச் சொன்னது என் அக்கா மகன், அதுவும் எரிச்சலில்.

கணக்கில் வராத ரசிகர்கள்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஐஜிஐயின் அசல் பிரதியைக் காசு கொடுத்து வாங்கிய யாரையும் எனக்குத் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து உள்ளூர்க் கடைக்காரர் பூட்டித் தந்த அசெம்பிள்டு சிஸ்டத்தில் அது ஏற்கெனவே இருக்கும். டெஸ்க்டாப்பில் மை கம்ப்யூட்டர், ரீசைக்கிள் பின், வின்ஆம்ப், ரோட் ராஷ், வைஸ் சிட்டி, ஐஜிஐ. விண்டோஸோடு சேர்ந்து வருகிற சாமான் என்றே பலர் நினைத்திருந்தோம். இல்லாதவர்கள் பர்மா பஜாரிலோ ஊர் பஸ் ஸ்டாண்ட் சிடி கடையிலோ முப்பது நாற்பது ரூபாய்க்கு வாங்கினோம். அதுவும் முடியாதவர்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கட்டி ஆடினோம். அங்கே வேறு ஒரு தொல்லை. ஒரு மிஷனை முடிக்கும் தறுவாயில் ஓனர் அண்ணன் வந்து "தம்பி, டைம் ஆச்சு" என்று தோளைத் தட்டுவார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் இன்னர்லூப் என்ற சின்ன ஸ்டுடியோ செய்து, 2000 டிசம்பரில் ஐடோஸ் வெளியிட்ட கேம் இது. அங்கெல்லாம் இது நடுத்தரமான படைப்பு. விமர்சகர்கள் சத்தத்தையும் வெளிப்புறக் காட்சிகளையும் பாராட்டினார்கள். நடுவில் சேவ் செய்ய (ஆடிய இடத்தைப் பதிந்துவைக்க) முடியவில்லை, நாலு பேர் சேர்ந்து ஆட வழியில்லை, எதிரிகளுக்கு மூளை போதாது என்று குறை சொன்னார்கள். அந்த வருஷமே அவர்கள் கையில் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' இருந்தது, 'டியஸ் எக்ஸ்' இருந்தது. ஐஜிஐயைக் கொஞ்ச நாளில் மறந்துவிட்டார்கள். இங்கே இந்தியாவில் அது ஒரு தலைமுறைக்கே முதல் ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை கேம். நாம் விற்பனைக் கணக்கு எதிலும் ஏறாத ரசிகர்கள். ஆரிஜின்ஸ் டிரெய்லரின் கீழே வந்து விழுந்த கமென்டுகளில் பாதி இந்தியப் பெயர்களாக இருந்ததைப் பார்த்து, ஸ்வீடனில் யாரோ ஒருவர் நிச்சயம் தலையைச் சொறிந்திருப்பார்.

மேட்டில் பதுங்கியிருப்பவன்

ஐஜிஐ ஏன் அப்படி இருந்தது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இன்னர்லூப் 1997இல் 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' என்ற போர் விமான சிமுலேட்டரைச் செய்தது. அந்த எஞ்சினையே (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) வளர்த்து ஐஜிஐக்குப் பயன்படுத்தினார்கள். விமானத்திலிருந்து பார்க்க வேண்டிய நிலப்பரப்பு ஆகையால் கண்ணுக்கு எட்டுகிற தூரம் பிரமாண்டம். அந்தக் காலத்து மற்ற ஷூட்டர்களில் நாம் ஆடியது பெரும்பாலும் காரிடார்களில்தான். ஒரு கதவு, ஒரு அறை, அடுத்த கதவு. கொஞ்சம் திறந்த வெளி வந்தாலே பனிமூட்டத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். ஐஜிஐயில் ஒரு மேட்டில் நின்றால் கீழே ராணுவத் தளம் முழுக்கத் தெரியும். வேலி, காவல் கோபுரம், பாராக்ஸ், தண்ணீர்த் தொட்டி, அதற்கும் அப்பால் மலை. அந்த மலைக்கும் நடந்தே போகலாம். போனால் ஒன்றும் இருக்காது, அது வேறு விஷயம்.

பெரும்பாலான மிஷன்கள் வேலிக்கு வெளியே எங்கோ தள்ளித்தான் தொடங்கும். காதில் ரேடியோவில் வழிநடத்தும் அன்யாவின் குரல் வேலையைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்புறம் காற்றுச் சத்தம்தான். பைனாகுலரை எடுத்துப் பார்க்க வேண்டும். கோபுரத்தில் ஒருவன், கேட்டில் இருவர், வேலியோரம் நடந்து திரும்புகிறவன் ஒருவன். கையில் ஒரு மேப் கம்ப்யூட்டர் உண்டு. அதைத் திறந்தால் மேலிருந்து சாட்டிலைட் பார்க்கிற மாதிரி தளம் தெரியும், ஆட்கள் நடமாடுவதும் தெரியும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேம் நிற்காது. வரைபடத்தில் மூழ்கியிருக்கும்போதே முதுகில் குண்டு வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஏணியும் அப்படித்தான். ஏறத் தொடங்கியதும் காட்சி ஜோன்ஸின் உடம்பை விட்டு வெளியே தாவும்; அவன் முதுகு நமக்குத் தெரியும்; இரண்டு கையும் கம்பியில் இருக்கும்; சுட முடியாது. காலணி இரும்புப் படியில் படும் சத்தம் ஒவ்வொன்றும் ஊரையே கூட்டுவது மாதிரி கேட்கும். மேலே போய்ச் சேர்வதற்குள் மனுஷனுக்கு உயிர் போய்விடும்.

சண்டை என்று பார்த்தால் ஐஜிஐ ஒன்றும் பெரிய கேம் இல்லை. எதிரிகள் மடையர்கள். பக்கத்தில் ஒருவன் செத்து விழுந்தாலும் பல நேரம் தன் பாட்டுக்கு நடந்து போவார்கள். வாசல் ஓரத்தில் நின்றுகொண்டால் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அதே ஆட்கள் தூரத்துக் கோபுரத்திலிருந்து சுடும்போது மட்டும் குறி தப்பாது. அலாரம் அடித்துவிட்டால் பாராக்ஸிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. கதை? திருடு போன அணுகுண்டு, பிரிபோய் என்ற ஆயுத வியாபாரி, எக் என்ற வில்லி. யாராவது இந்தக் கதைக்காக ஐஜிஐ ஆடினேன் என்றால் நான் நம்ப மாட்டேன்.

சுடுவதற்கு முந்தைய நேரம்தான் ஐஜிஐ. பதுங்கியிருந்து பார்க்கிற நேரம்.

யுபிஎஸ் பீப்

சேவ் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஐஜிஐயில் மிஷனுக்கு நடுவே சேவ் கிடையாது. முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசி கம்ப்யூட்டரை ஹேக் செய்துவிட்டு, வெளியேறும் இடத்துக்கு ஓடும்போது எங்கிருந்தோ ஒரு குண்டு வந்தால் மறுபடியும் வேலிக்கு வெளியே, அதே மேட்டில். விமர்சகர்கள் இதைத்தான் அதிகம் திட்டினார்கள். நியாயம்தான். அப்போது நானும் திட்டினேன்.

எங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வில்லன் இருந்தான். 2008க்குப் பிறகு சில வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அறிவித்த நேரத்தில் போனால் பரவாயில்லை, தெரிந்து வைத்துக்கொண்டு மிஷனைத் தொடங்காமல் இருக்கலாம். அறிவிக்காமல்தான் போகும். ஃபேன் மெதுவாக நிற்கும், டியூப் லைட் அணையும், இருட்டில் மானிட்டர் மட்டும் எரியும். மேசைக்கடியில் யுபிஎஸ் பீப் அடிக்க ஆரம்பிக்கும். பழைய பேட்டரி, பத்து நிமிஷம் தாங்கலாம், மூன்று நிமிஷத்திலும் கைவிடலாம். அப்பா அடுத்த அறையிலிருந்து "சிஸ்டத்த ஆஃப் பண்ணுடா, பேட்டரி போயிடும்" என்பார். மிச்சம் இருப்பது ஒரு கட்டடம். இத்தனை நேரம் பூனை மாதிரி வந்ததெல்லாம் போதும் என்று எம்16ஐத் தூக்கிக்கொண்டு நேராக ஓடுவோம். பீப் வேகமாகும். சில நாள் மிஷன் முடிந்தது. பல நாள் திரை டப்பென்று கறுத்தது. ஜோன்ஸைக் கொன்றவர்களின் பட்டியலில் தமிழ்நாடு மின்சார வாரியத்துக்கும் ஒரு இடம் உண்டு என்று நண்பன் ஒருவன் சொல்வான்.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் இப்போது இனிப்பாகச் சொல்வது சுலபம். பழையது எல்லாம் பொன் என்கிற வியாதி எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அந்த வியாதி இல்லாத ஒருவனிடம் இதைக் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது.

அதே மேட்ச்

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தான். போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு), ஃப்ரீ ஃபயர் என்று கை பழுத்தவன். என் லேப்டாப்பில் ஐஜிஐயைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி ஓட வைத்திருந்தேன். திருச்சியில் அக்கா வீட்டு ஹாலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முன்னால் வைத்தேன். கிராபிக்ஸைப் பார்த்துச் சிரித்தான். எதிர்பார்த்ததுதான். நேரே கேட்டை நோக்கி ஓடினான், கோபுரத்துக்காரன் சுட்டான், செத்தான். மறுபடி ஓடினான், மறுபடி செத்தான். சரி, விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. மூன்றாவது தடவை ஓடாமல் பதுங்கினான். மேப்பைத் திறந்தான். வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனில் நோட்டிபிகேஷன் வந்துகொண்டிருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்து, கேமராவை அணைத்து, ஒரு கட்டடத்தின் மாடிக்குப் போக ஏணியில் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ சுட்டான். ஜோன்ஸ் கீழே விழுந்தான்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "செக்பாயின்ட் எங்க மாமா?"

"கிடையாது. முதல்லேர்ந்து."

நம்பவில்லை. மெனுவுக்குப் போய்த் தேடினான். இல்லை என்று உறுதியானதும் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். "என்ன மாமா இது? பப்ஜில செத்தா அடுத்த மேட்ச். இதுல செத்தா அதே மேட்ச். இதெல்லாம் கேமா, வேலை."

எனக்குப் பளிச்சென்று ஆனது அந்த இடத்தில்தான். அவன் குறையாகச் சொன்னான். நான் இருபது வருஷமாக எனக்கு என்ன பிடித்தது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டான். அவன் ஆடுகிற கேம்களில் சாவுக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும். வேறு ஆட்கள், வேறு இறங்குமிடம், கையில் வேறு துப்பாக்கி. ஐஜிஐயில் எதுவும் மாறாது. அதே கோபுரம், அதே காவலாளி, அவன் திரும்புகிற அதே மூலை. மாறுவது நமக்குத் தெரிந்திருக்கிற அளவு மட்டும். மாங்காய் அடிக்கப் போகிற பையனுக்குத் தோட்டக்காரர் சாப்பிடப் போகும் நேரமும் நாய் கட்டியிருக்கும் இடமும் தெரிந்திருப்பது போல, அந்தத் தளம் நமக்குத் தெரிய ஆரம்பிக்கும். சேவ் இல்லாததால்தான் அந்த அறிவு சேர்ந்தது. எஃப்5 அழுத்தி சேவ் செய்துகொண்டு கடக்கிற மூலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது மிஷனின் விமானத் தளத்தில் எந்தப் பக்கம் போனால் ஆபத்து என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். போன வருஷம் ஆடி முடித்த பெரிய பட்ஜெட் கேம் ஒன்றில் ஒரு இடம்கூட நினைவில்லை.

இன்னொன்றையும் அவன் காட்டிவிட்டான். திட்டிய பிறகும் லேப்டாப்பைத் திரும்ப இழுத்தான். "அந்தக் கோபுரத்துக்காரன் இப்ப அந்தப் பக்கம் திரும்புவான் பாருங்க" என்றான். திரும்பினான். அவன் முகத்தில் ஒரு சின்னத் திமிர். அதற்குள் நண்பர்கள் ஸ்குவாடுக்குக் கூப்பிட, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அப்புறம் ஐஜிஐயை அவன் திறக்கவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆக, இரண்டும் உண்மை. அந்தச் சுவை அவனுக்கும் பிடிபடுகிறது. அதற்காக அவன் தன் சாயங்காலத்தைக் கொடுக்கத் தயாராக இல்லை. நிறைய முதலீடு போட்டு ஐஜிஐ என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவருகிற எந்த நிறுவனமும் என்னைப் பார்த்துச் செய்யாது, அவனைப் பார்த்துத்தான் செய்யும். அவனுக்கு வேண்டியது அடுத்த மேட்ச். அதைக் கொடுத்துவிட்டு மேலே ஐஜிஐ என்று எழுதுவார்கள். என் நிம்மதிக்கு அர்த்தம் இதுதான் என்று அன்றைக்குப் பிடிபட்டது.

பெயர் மட்டும் வந்த கதை

இது வெறும் சந்தேகம் இல்லை, கண் முன்னே நடந்திருக்கிறது. ஐஜிஐயின் அண்ணன் என்று சொல்லத்தக்க 'டெல்டா ஃபோர்ஸ்' 1998இல் நோவாலாஜிக் செய்தது. அதிலும் இதே கதைதான்: தொலைதூரப் பார்வை, திறந்த வெளி, ஒரு குண்டு பட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அந்தப் பெயரை எடுத்து சீன நிறுவனமான டென்சென்டின் டீம் ஜேட் குழு 2024 டிசம்பரில் புது 'டெல்டா ஃபோர்ஸை'க் கணினிக்குக் கொண்டுவந்தது. இலவசம். ஆளுக்கொரு தனித்திறமை உள்ள ஆபரேட்டர்கள், துப்பாக்கிக்குப் பூசும் வண்ண ஸ்கின்கள், சீசன்கள். சுடுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியில் 'பிளாக் ஹாக் டவுன்' கதைப் பகுதியையும் இலவசமாகவே கொடுத்தார்கள். ஆசையாகத் தொடங்கினேன். மொகடிஷு தெருக்களின் தூசியும் வெளிச்சமும் பிரமாதம். ஆனால் அது குழுவாக ஆடுவதற்கென்றே அளந்து வைத்த கஷ்டம். தனியாளாகப் போனால் குண்டு மழையில் நனைந்து செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பார்க்க நேரம் இல்லை, திட்டம் போட இடம் இல்லை. பெயர் பழையது, சரக்கு வேறு.

பெயரை விடுங்கள், ஐஜிஐயே தன் இரண்டாவது பாகத்தில் கொஞ்சம் வழி மாறியது. 2003இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'கவர்ட் ஸ்ட்ரைக்'கில், விமர்சகர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள். மிஷனுக்குள் குறிப்பிட்ட தடவை சேவ் செய்யலாம். சேர்ந்து ஆட மல்டிபிளேயர். லிபியா, சீனா என்று ஊர் சுற்றல். எல்லா வகையிலும் முதல் பாகத்தைவிடச் சீரான கேம். என் நண்பர்களில் பாதிப் பேர் இரண்டாவதுதான் சிறந்தது என்பார்கள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நான் முதல் பாகத்தின் கட்சி. சேவ் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டு போவதில் ஒரு கஞ்சத்தனமான சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயிற்றைப் பிசைகிற அந்தப் பயம் போய்விட்டது. இன்னர்லூப்பும் அந்த வருஷமே மூடப்பட்டது.

பயம் விற்காது என்பதும் இல்லை. 2014இல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' கேமில், சேவ் செய்யச் சுவரில் இருக்கும் கருவியைத் தேடிப் போய், அட்டையைச் சொருகி, அது தயாராகும்வரை நிற்க வேண்டும், அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஏலியன் வந்து கொல்லலாம். ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். 'ஹிட்மேன்' கேம் 2023இல் ஃப்ரீலான்சர் என்ற பிரிவைச் சேர்த்தது. அதே பழைய ஊர்கள்தான், ஆனால் நடுவில் சேவ் இல்லை. செத்தால் கையில் இருக்கும் சாமான் போச்சு. பல வருஷம் சுற்றிப் பழகிய பாரிஸ் மாளிகையில் அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகக் கை வியர்த்தது. ஒரு இடம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தப்பு செய்தால் விலை கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

புல்லைக் கொஞ்சம் வெட்டுங்கள்

ரசிகர்கள் அன்ரியல் எஞ்சினில் ஐஜிஐயின் முதல் மிஷனைத் திரும்பச் செய்து வீடியோவாகப் போடுகிறார்கள். மழை பெய்கிறது, தரையில் விளக்கு பிரதிபலிக்கிறது, புல் காற்றில் ஆடுகிறது. கீழே எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றும்: இந்தப் புல்லுக்குள் காவலாளி எங்கே தெரிவான்? பழைய கேமின் மலைகள் மொட்டையாக இருந்தன. பழைய கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் தாங்காது. அந்த மொட்டை நிலத்தில்தான் தூரத்தில் நகரும் ஒரு கறுப்புப் புள்ளி மனிதன் என்று தெரிந்தது. இன்றைய கேம்கள் புல்லையும் புதரையும் கொட்டிவிட்டு, எதிரி எங்கே என்று நமக்குத் தெரியாமல் போவதால், பைனாகுலரில் ஒரு தடவை பார்த்தால் அவன் தலைமேல் சிவப்பு முக்கோணம் ஒட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். அப்புறம் நாம் முக்கோணத்தைத்தான் பார்க்கிறோம், மனிதனைப் பார்ப்பதில்லை. புதிதாக யாராவது செய்தால் நான் கேட்கும் முதல் உதவி, முக்கோணம் வேண்டாம். புல்லைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும், நானே பார்த்துக்கொள்கிறேன்.

காவலாளிகளுக்குக் கொஞ்சம் மூளை கொடுக்கலாம், நிறைய வேண்டாம். கீழே கிடக்கும் உடம்பைப் பார்த்தால் நிற்கட்டும், அலாரத்தை நோக்கி ஓடட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு பாதையில் நடக்கிற அளவுக்குப் புத்திசாலி ஆக்கிவிட வேண்டாம். அதே மேட்ச் என்பது அங்கே கெட்டுவிடும். பாராக்ஸில் எத்தனை கட்டிலோ அத்தனை ஆட்கள்தான் வெளியே வர வேண்டும். முடிவில்லாமல் வருவது அப்போதே அநியாயம். மேப் கம்ப்யூட்டர் பழைய மாதிரியே இருக்கட்டும், பார்க்கும்போது கேம் நிற்கவே கூடாது. ஏணியில் ஏறும்போது முதுகு தெரிவதும் இருக்கட்டும். சேவ் வேண்டும் என்கிறவர்களுக்கு ஆப்ஷனில் ஒரு பொத்தான் வைத்துவிடுங்கள். குழந்தை குட்டி உள்ளவர்கள் முக்கால் மணி நேரம் ஒரேயடியாக உட்கார முடியாது, எனக்கே இப்போது அது தெரிகிறது. நிறுத்திவிட்டுப் போய், வந்து விட்ட இடத்தில் தொடர வழி கொடுத்தால் போதும், செத்தால் மட்டும் முதலிலிருந்து.

அப்புறம், பதினாலு மிஷன் எல்லாம் வேண்டாம். முதல் பாகத்தில் அத்தனை இருந்தன, பின்பாதியில் பாதிக்கும் மேல் எனக்கு நினைவில் கலந்துபோய்க் கிடக்கிறது. மூன்று தளம் போதும். கையால் செதுக்கிய மூன்று. நாலைந்து பேர் சேர்ந்த ஒரு சின்னக் குழு செய்யக்கூடிய வேலை. பழைய ஷூட்டர்களின் பாணியில் சின்னக் குழுக்கள் இப்போது வரிசையாகக் கேம் செய்கின்றன, டூமையும் குவேக்கையும் பார்த்துச் செய்தவை அவை. ரத்தம், வேகம், உலோக இசை. மேட்டில் பதுங்கிக் காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஷூட்டரை எடுத்துச் செய்கிறவர்கள்தான் குறைவு. அதற்கு ஐஜிஐ என்ற பெயரே தேவையில்லை. டேவிட் ஜோன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பெங்களூரிலோ புனேயிலோ, ஐஜிஐயில் வளர்ந்து இன்றைக்கு எஞ்சின் புரோகிராமராக உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராவது இதைச் செய்யலாம். அந்தத் தலைமுறைக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள், எனக்குப் புரிகிறது.

செய்தால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போடட்டும். ஆயிரம் ரூபாய் என்றாலும் முதல் நாளே வாங்கிவிடுவேன், இந்தத் தடவை பில்லோடு. அக்கா மகனுக்கும் ஒன்று சேர்த்து. அவன் திறக்க மாட்டான், தெரியும்.